பக்கத்து இருக்கையின் கிளச்

மேம்பாலத்தின் பாதி ஏற்றத்தில் அந்தப் பழைய மாருதி கார் உறுமியது. உறுமியதே தவிர ஓரடி முன்னே நகரவில்லை.

“நான் ஒண்ணும் பண்ணலை தாயி! மாதா மேல சத்தியமா நான் ஒண்ணும் பண்ணலை!” ஸ்டியரிங்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அலறினாள் செபாஸ்தியம்மாள்.

“தெரியும்க்கா. பயப்படாதீங்க. பிரேக்குல நான் கால் வச்சிருக்கேன்” என்றாள் பக்கத்து இருக்கையில் இருந்த நர்கீஸ். குரலில் பதற்றம் இல்லை. நெஞ்சுக்குள்தான் இடி இடித்தது.

நர்கீஸ் பிரேக்கைத் தளர்த்தத் தளர்த்த, செபாஸ்தியம்மாள் ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க எஞ்சின் கத்தியது, சக்கரம் கேட்கவில்லை. எதுவோ கருகும் வாடை காருக்குள் ஏறிக்கொண்டே வந்தது. பின்னால் நின்ற பஸ்காரர் ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை. வெங்காய மூட்டை ஏற்றிய ஆட்டோ ஒன்று உரசிக்கொண்டு போனது. அதை ஓட்டியவன் தலையை நீட்டி, “என்னக்கா, இன்னிக்கு நடுப்பாலத்துலயே பாடமா? பேப்பரு திருத்துறதும் இங்கதானா?” என்று கேட்டுவிட்டுப் போனான்.

காரின் நெற்றியில் சிவப்பு எழுத்தில் ‘நர்கீஸ் மகளிர் கார் பயிற்சி’ என்று எழுதியிருந்தது. அந்த எழுத்தை யாரும் பார்க்கக் கூடாதே என்று அன்றைக்குத்தான் முதன்முதலாக நர்கீஸ் வேண்டிக்கொண்டாள்.

பூக்கூடையோடு போன இரண்டு பேர் இரக்கப்பட்டு வண்டியைப் பின்னுக்குத் தள்ளி ஓரம் கட்டிக் கொடுத்தார்கள். செபாஸ்தியம்மாள் இறங்கியதும் நடைபாதைக் கட்டையில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள். ஐம்பது வயதைத் தாண்டிய அந்த அம்மாளின் கண்ணில் நீர் கட்டி நின்றது.

“என் வண்டியும் நிக்குது, உன் வண்டியும் நிக்குது. வண்டி மேல தப்பில்ல நர்கீஸு. என் கால்ல சனியன் ஒக்காந்திருக்கு. சாயங்காலம் வாரவருகிட்ட வேனைக் குடுத்துட்டுப் போய்ச் சேர வேண்டியதுதான்.”

 அந்த வேன் போய்விட்டால் என்ன ஆகும் என்று நர்கீஸுக்குத் தெரியும்.

செபாஸ்தியம்மாளின் வீடு சின்னாளப்பட்டியைத் தாண்டி, ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருந்தது. கணவர் ரொனால்டு அந்தச் சுற்றுவட்டாரத்தில் மைக் செட், சீரியல் லைட் வாடகைக்குக் கொடுப்பவர். கோயில் திருவிழாவோ மாதா தேர்பவனியோ, அவருடைய பழைய ஆம்னி வேனில் ஸ்பீக்கர் பெட்டி வந்து இறங்கினால்தான் ஊருக்கே விழாக் களை வரும். அந்த மனிதருக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போனது. வாரத்தில் மூன்று நாள் திண்டுக்கல் வந்து டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டும். முடித்துவிட்டு பஸ்ஸில் திரும்பும்போது ஒருநாள் கம்பியைப் பிடித்தபடியே மயங்கிச் சரிந்தார். அவரை மடியில் போட்டுக்கொண்டு பஸ் தரையில் உட்கார்ந்து ஊர் வந்து சேர்ந்தாள் செபாஸ்தியம்மாள். மறுநாள் காலையிலேயே பேகம்பூரில் நர்கீஸின் வீட்டு வாசலில் வந்து நின்றாள். “எனக்குக் கார் ஓட்டக் கத்துக்குடு தாயி. வேன் சும்மாதான நிக்குது. நான் ஓட்டுறேன்” என்றாள்.

கற்றுக்கொண்டாள். சமதளமான மைதானத்தில், முதல் கியரிலேயே ஊர்ந்து எட்டுப் போட்டு லைசென்ஸும் வாங்கிவிட்டாள். ஆனால் சொந்த வேனில் ஏறினால் வாசலைத் தாண்டுவதற்குள் அது குலுங்கி நின்றுவிடும். மறுபடி எடுத்தால் மறுபடி நிற்கும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கூடி நின்று கைதட்டும். நர்கீஸின் காரில் மட்டும் ஒரு தடவைகூட நின்றதில்லை. அதனால்தான் லைசென்ஸ் வாங்கிய பிறகும் கூடுதல் வகுப்புக்கு வந்துகொண்டிருந்தாள். ரொனால்டுக்கோ பொறுமை போய்விட்டது. ஒட்டன்சத்திரத்து வியாபாரி ஒருவரைப் பேசி முடித்து, இன்று சாயங்காலம் வந்து வேனை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

“மெக்கானிக் என்ன சொல்றார்னு பாப்போம் வாங்க” என்று அந்த அம்மாளின் கையைப் பிடித்துத் தூக்கினாள் நர்கீஸ். வாய் அப்படிச் சொன்னாலும் மனசு வேறு கணக்குப் போட்டது. எஞ்சினே போயிருந்தால்? நாலு கை மாறி வந்த கார் அது. முதலில் ஒரு பூட்டுக்கடைக்காரரிடம் இருந்ததாம். அதை நம்பித்தான் அவளுடைய வாழ்க்கையே இருந்தது.

நத்தம் ரோட்டில் பொன்னழகுவின் தகரக் கொட்டகைக்குக் காரைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். பொன்னழகுவுக்குக் கை ஓடுகிற அளவுக்கு வாயும் ஓடும். எஞ்சினை ஓடவிட்டார், கிளச்சை மிதித்தார், கியர் போட்டார், மூக்கைச் சுளித்தார். அந்த ஒரு நிமிடம் நர்கீஸ் கண்ணை மூடிக்கொண்டாள். யா அல்லா, எஞ்சினாக மட்டும் இருக்கக் கூடாது.

“எஞ்சின் கல்லு மாதிரி இருக்கு டீச்சரக்கா. கிளச் பிளேட்டு மண்டையைப் போட்டுருச்சு. அம்புட்டுத்தான். மதியத்துக்குள்ள மாத்திருவேன்.”

நர்கீஸ் விட்ட பெருமூச்சில் முகத்தை மறைத்திருந்த துப்பட்டாவின் ஓரம் பறந்தது. “அல்ஹம்துலில்லாஹ்” என்றாள். செபாஸ்தியம்மாளும் பக்கத்தில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

“ஆனா ஒண்ணு” என்றார் பொன்னழகு, காரைத் தூக்கி நிறுத்திக்கொண்டே. “ஊர்ல அவனவன் வண்டி அஞ்சாறு வருசம் ஒரே கிளச்சுல ஓடுது. நீங்க போன வருசம் மாத்துனீக, இந்த வருசமும் மாத்துறீக. வருசா வருசம் ஒரு கிளச்சைத் தின்னு ஏப்பம் விடுது உங்க வண்டி.”

“பழகுற வண்டின்னா தேயத்தானே செய்யும்ணே.”

“மத்த ஸ்கூலு வண்டியும்தான் என்கிட்ட வருது. இம்புட்டுத் தேய மாட்டேங்குதே! எல்லாம் பொம்பளைங்க காலு. வச்ச காலை எடுக்கத் தெரியாது.”

நர்கீஸுக்குச் சுர்ரென்று ஏறியது. “பொம்பளைங்க காலைப் பத்திப் பேசாதீங்கண்ணே. என்கிட்டப் படிச்சவங்க ஒருத்தர்கூட என் வண்டியை நடு ரோட்டுல ஆஃப் பண்ணதில்லை. நீங்க லைசென்ஸுக்குப் போன அன்னிக்கு வண்டி எத்தனை தடவை நின்னுச்சு? சொல்லுங்க பாப்போம்.”

“அதையெல்லாம் எதுக்கு இப்பப் பேசிக்கிட்டு” என்று பொன்னழகு காருக்கு அடியில் புகுந்துகொண்டார். செபாஸ்தியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தாள். காலையிலிருந்து அந்த முகத்தில் வந்த முதல் சிரிப்பு அது.

கியர்பாக்ஸ் இறங்கியது. பழைய பிளேட்டை எடுத்து வந்து வெளிச்சத்தில் காட்டினார். சுற்றிலும் வேப்பம்பட்டை போலக் கனமாக இருக்க வேண்டிய பூச்சு, அப்பளம் போல மெலிந்து கருகிக் கிடந்தது. உள்ளே பதித்த ஆணித்தலைகள் வெளியே தெரிந்தன. எஞ்சினின் சுழற்சியைப் பிடித்துச் சக்கரத்துக்குக் கொடுக்க வேண்டிய தட்டு அது. பிடிக்க அதற்குச் சதையே மிச்சமில்லை. பாவம், எத்தனை நாளாய் இந்த நிலையில் இழுத்திருக்கிறது! நர்கீஸுக்கு ஏனோ அதைத் தடவிக் கொடுக்க வேண்டும் போலிருந்தது.

“டீச்சரக்கா, உங்க பக்கத்துப் பெடலுக்குப் போற ராடு வளைஞ்சிருக்கு. ஒரு மிதி மிதிங்க, எங்க இடிக்குதுன்னு பாக்குறேன்” என்று அடியிலிருந்து குரல் வந்தது.

கார் கற்றுக்கொடுக்கும் வண்டிகளில் பக்கத்து இருக்கைக்கும் ஒரு கிளச், ஒரு பிரேக் உண்டு. ஓட்டுபவர் தடுமாறினால் டீச்சர் தன் பக்கத்துப் பெடலை மிதிப்பார். ஓட்டுபவர் பெடலும் கூடவே இறங்கும். நர்கீஸ் இடது பக்கக் கதவைத் திறந்து, தரையில் குந்தி, தன் கிளச் பெடலைக் கையால் அழுத்தப் போனாள்.

கை அப்படியே நின்றது.

பெடலின் மேல் போட்டிருந்த ரப்பர் தேய்ந்து, நடுவில் ஓட்டை விழுந்து, இரும்பு வெள்ளிக்காசு போல மினுங்கியது. நர்கீஸ் எழுந்தாள். காரைச் சுற்றிக்கொண்டு ஓட்டுநர் பக்கம் போனாள். குனிந்து பார்த்தாள். அந்தப் பக்கத்துக் கிளச் ரப்பரில் வரி வரியாய் இருந்த மேடு பள்ளம் அழியவில்லை. ஓரத்தில் இருந்த எழுத்தைக்கூட வாசிக்க முடிந்தது.

“பொன்னழகுண்ணே, இந்த ரெண்டு ரப்பரையும் எப்பப் போட்டீங்க?”

“போன தடவை கிளச் மாத்துனப்ப. ரெண்டும் ஒரே நாள்ல, நாந்தான் போட்டேன். ஏன்?”

நர்கீஸ் மறுபடி குனிந்து பார்த்தாள்.  எத்தனையோ பெண்கள் மிதித்த பெடல் புதுசாக இருக்கிறது. எப்போதாவது மட்டும் மிதிக்க வேண்டிய தன் பெடல் ஓட்டையாகியிருக்கிறது. அப்படியென்றால் இத்தனை நாளும் வண்டி ஓட்டியது யார்?

அவள்தான். அவளுடைய இடது கால்தான்.

அந்தக் கால் ஏன் அந்தப் பெடலை விட்டு இறங்கவில்லை என்று அவளுக்குத் தெரியும். அவள் கணவன் ஹஸ்ஸான் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்பவன். கல்யாணமான புதிதில் முதலாளியின் காரைக் கேட்டு வாங்கி வந்து, ஆசை ஆசையாய் மனைவிக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தான். அம்பாத்துரைப் பக்கம் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு அவளையே ஓட்டச் சொன்னான். வழியில், சின்னாளப்பட்டியைத் தாண்டி இருக்கும் ரயில்வே கேட் திறந்ததும் ஏறினாள். தண்டவாளத்துக்குப் பக்கத்தில் வண்டி குலுங்கி நின்றுவிட்டது. கேட்காரர் விசில் ஊத, பின்னால் வரிசையாய் ஹாரன் அலற, சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஹஸ்ஸான் பயத்தில் கத்தினான். “எந்திரி! எந்திரிச்சுத் தொலை! உனக்கெல்லாம் எதுக்குடி காரு?” என்று அவளைப் பிடித்து இழுத்து இறக்கிவிட்டுத் தானே ஏறி ஓட்டினான். கல்யாணப் பட்டுச்சேலையோடு அவள் தண்டவாளத்தின் ஜல்லிக் கல்லில் தடுக்கித் தடுக்கி நடந்தாள். இருபுறமும் நின்ற வண்டிகளில் இருந்தவர்கள் பார்த்தார்கள். சிலர் சிரித்தார்கள்.

ஹஸ்ஸான் அன்று இரவே மன்னிப்புக் கேட்டான். அவளும் மன்னித்துவிட்டாள். ஆனால் அந்தச் சிரிப்பு? அது காதுக்குள் தங்கிவிட்டது. பிறகு அவள் வைராக்கியமாய் ஒரு பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து ஓட்டக் கற்றாள். பெண்களுக்கென்று தனியாய் வகுப்பும் தொடங்கினாள். முதல் மாணவி வண்டியில் ஏறிய அன்று மனசுக்குள் ஒரு சத்தியம் செய்தாள். என் வண்டியில் எந்தப் பெண்ணும் நடு ரோட்டில் நிற்கக் கூடாது. எந்தப் பெண்ணும் தலைகுனியக் கூடாது.

அந்தச் சத்தியத்தை அவளுடைய இடது கால் ஒரு நாளும் மறக்கவில்லை. எஞ்சின் லேசாய் இருமினால் போதும், அவளை அறியாமலே அமுங்கும். பாதி அமுங்கியபடியே கிடக்கும். அப்படிக் கிடக்கக் கிடக்கத்தான் தட்டும் உரசி உரசித் தேய்ந்தது. ஓட்டுகிறவளின் பாதத்துக்கு அடியில் பெடல் தானாக இறங்கி, தானாக ஏறும். அந்தப் பெண்ணும் தானே மிதித்ததாக நினைத்துக்கொள்வாள். பாடமும் எவ்வளவு அழகாகச் சொல்வாள் நர்கீஸ்! “தூங்குற பிள்ளையைத் தொட்டில்ல விடுற மாதிரிக் கிளச்சை விடணும்” என்பாள். பிள்ளையை ஒருத்தி கையிலும் அவள் கொடுத்ததே இல்லையே! கடைசி வரை தானே அல்லவா தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்!

நெய்க்காரப்பட்டியிலிருந்து வந்து படித்துவிட்டுப் போன கௌசல்யா போனில் அழுதது நினைவுக்கு வந்தது. “ஏனுங்க டீச்சர், உங்க கார்ல நல்லாத்தானுங்க ஓட்டினேன். எங்க வூட்டு காரு நின்னு நின்னு போகுதுங்க.” நர்கீஸ் அலட்டிக்கொள்ளாமல் சொன்னாள்: “உங்க வண்டி கிளச்சைப் பாக்கச் சொல்லும்மா.” அந்தப் பெண்ணின் புருஷன் நல்ல கிளச்சைக் கழற்றி எறிந்துவிட்டுப் புது கிளச் மாட்டினானாம். இப்படி எத்தனை வீட்டு வண்டிகள்! எத்தனை கார்கள் ஷெட்டில் சும்மா நிற்கின்றனவோ! எத்தனை பெண்கள் தங்கள் காலையே சபித்துக்கொண்டு பின் இருக்கைக்குப் போய்விட்டார்களோ!

நர்கீஸ் கொட்டகை வாசலில் கிடந்த பெஞ்சில் போய் உட்கார்ந்து, முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

“யாத்தே, என்ன தாயி? செலவு எக்கச்சக்கமா வருதா?” செபாஸ்தியம்மாள் ஓடி வந்தாள்.

“அக்கா… இம்புட்டு நாளா என் வண்டியை நீங்க ஓட்டலைக்கா. நான்தான் ஓட்டியிருக்கேன்.”

ரப்பரையும் காலையும் பற்றி விக்கி விக்கிச் சொல்லி முடித்தாள். அந்த அம்மாள் என்ன சொல்லப் போகிறாளோ என்று நிமிர்ந்து பார்க்கவே பயமாக இருந்தது. ஏமாற்றிவிட்டாய் என்று சொல்வாளா? சொன்னால் என்ன பதில் இருக்கிறது?

 செபாஸ்தியம்மாள் இரண்டு கையையும் வானத்தைப் பார்த்துத் தூக்கினாள்.

“அப்ப என் கால்ல கோளாறு இல்லையா?”

“இல்லக்கா.”

“நான் மக்கு இல்லையா?”

“நான்தான்க்கா மக்கு.”

“ஏசப்பா, உமக்கு ஸ்தோத்திரம்! அடி கூறுகெட்டவளே, இதை முந்தாநாள் சொல்லியிருந்தா அந்த மனுசனுக்கு ரெண்டு வேளை தொட்டுக்க ஒரு வெஞ்சனம் இல்லாமச் சோறு போட்டிருக்க மாட்டேனே! வேனை நீங்க ஒழுங்கா வைக்கலைன்னு போட்டு அந்தக் காய்ச்சு காய்ச்சுனேன்!” என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே நர்கீஸின் கண்ணைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள். “ஏன் அழுவுற? பிள்ளை விழுந்துரும்னு பயந்து நடக்க விடாம இடுப்புலயே வச்சுக்கிட்ட. எந்தப் பொம்பளைதான் செய்யலை?”

உள்ளே புது பிளேட் ஏறியது. பொன்னழகு கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். “வண்டி ரெடி. உங்க பக்கத்து ராடு மட்டும் பட்டறைக்குப் போகணும். நாளைக்கு வாங்க, மாட்டித் தாரேன். இன்னிக்கு உங்க பக்கம் பிரேக்கு மட்டும்தான் வேலை செய்யும்.”

நர்கீஸ் எழுந்தாள். கண் சிவந்திருந்தாலும் குரல் தெளிவாக இருந்தது. “போதும்ணே. அக்கா, ஏறுங்க. உங்க ஊரு வரைக்கும் நீங்கதான் ஓட்டுறீங்க. சாயங்காலத்துக்குள்ள போயிருவோம்.”

செபாஸ்தியம்மாளின் முகம் சட்டென்று வெளுத்தது. ஆனாலும் ஏறினாள்.

கொட்டகை வாசலிலேயே கார் குலுங்கி நின்றது. நர்கீஸின் இடது கால் துடித்துக்கொண்டு கீழே பாய்ந்தது. பெடல் பொத்தென்று தரையோடு படுத்துக்கொண்டது. “பொம்பளைங்க கா…” என்று தொடங்கிய பொன்னழகு, நர்கீஸ் திரும்பிப் பார்த்ததும் மீதியை விழுங்கினார்.

“நின்னுருச்சு தாயி.”

“நிக்கட்டும்க்கா. புதுக் கிளச்சு, நமக்கும் பிடிபடணும்ல. திருப்பி எடுங்க. எந்த இடத்துல வண்டி லேசா நடுங்குதோ, அந்த இடத்துல காலைப் பிடிச்சு நிறுத்துங்க.”

இரண்டாவது தடவையும் நின்றது. மூன்றாவது தடவை கார் நடுங்கியது. அந்த அம்மாளின் கால் அங்கேயே நின்றது. கார் மெல்ல ஊர்ந்தது. “நடுங்குச்சு! நடுங்குச்சுடி! இம்புட்டு நாளா இது எனக்குத் தெரியவே இல்லையே!” என்று கூவினாள். அந்த நடுக்கத்தைத்தான் இத்தனை காலமும் தன் காலால் எடுத்துக்கொண்டிருந்தோம் என்று நினைத்தபோது நர்கீஸுக்கு மறுபடி கண் கலங்கியது.

மதுரை ரோட்டில் கார் ஒழுங்காகப் போனது. சின்னாளப்பட்டி வந்தது. சுங்குடிச் சேலைக் கடைகளில் தொங்கிய சிவப்பும் பச்சையும் ஜன்னலில் வந்து வந்து போயின. ஊருக்குத் திரும்பும் ரோட்டில் இறங்கியதும் நர்கீஸின் உள்ளங்கை வியர்த்தது. அவளுக்குத் தெரியும், அடுத்து வருவது அந்த கேட்.

கேட் மூடியிருந்தது. அவர்களுக்குப் பின்னால் ஒரு டிராக்டர், ஒரு மினி பஸ், ஏழெட்டு மோட்டார் சைக்கிள்கள் சேர்ந்தன. ரயில் தடதடத்துப் போனது. கேட் உயர்ந்தது. செபாஸ்தியம்மாள் கிளச்சை விட்டாள். கார் ஏறியது. தண்டவாளத்துக்கு ஒரு முழம் இருக்கும்போது குலுங்கி நின்றது.

ஹாரன் அலறியது. கேட்காரர் கையை ஆட்டினார். “எடும்மா! வண்டியை எடும்மா!”

நர்கீஸுக்கு உலகமே நின்றுவிட்டது. அதே கேட். அதே ஜல்லி. அதே ஹாரன். அவளுடைய இடது கால் வெறும் பெடலைப் படபடவென்று அடித்தது. வலது கை சாவியை நோக்கிப் பாய்ந்தது. ‘இறங்குங்கக்கா, நான் எடுக்குறேன்’ என்ற வார்த்தை நாக்கின் நுனிக்கு வந்துவிட்டது. அந்த நொடியில் ஜல்லிக் கல்லில் பட்டுச்சேலையோடு தடுக்கி நடந்த பெண் ஒருத்தியைக் கண் முன்னே கண்டாள். இப்படி ஒரு வார்த்தையைக் கேட்டுத்தானே அன்றைக்கு அவள் இறங்கினாள்!

நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள். இடது காலைத் தூக்கி இருக்கையின் மேல் மடித்து வைத்து, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டாள். வலது கால் மட்டும் பிரேக்கில் இருந்தது.

“ரயில் போயிருச்சுக்கா. வேற ஒண்ணும் இப்ப வரலை. ஹாரன் அடிக்கிறவன் அடிக்கட்டும், அவன் கைதான் வலிக்கும். செத்த நேரம் மூச்சு விட்டுட்டு எடுங்க.”

செபாஸ்தியம்மாள் மூச்சை இழுத்து விட்டாள். சாவியைத் திருப்பினாள். கிளச்சை அழுத்தி, கியர் போட்டு, காலை மெல்ல மெல்லத் தூக்கினாள். கார் நடுங்கியது. “பிள்ளையைத் தொட்டில்ல விடுற மாதிரி…” என்று அந்த அம்மாளின் உதடு தனக்குத்தானே முணுமுணுத்தது. நர்கீஸ் பிரேக்கிலிருந்து காலை எடுத்தாள். கார் ஏறியது. ஒரு தண்டவாளம், இன்னொரு தண்டவாளம், சரிவு, சமதளம்!

யாரும் யாரையும் இழுத்து இறக்கவில்லை. யாரும் சிரிக்கவில்லை. முந்திக்கொண்டு போன மினி பஸ் டிரைவர் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார். இவ்வளவுதானா? இதற்காகவா இத்தனை வருடம்? நர்கீஸின் நெஞ்சில் உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று எழுந்து கதவைத் திறந்துகொண்டு போய்விட்டது போலிருந்தது.

வீட்டு வாசலில் ஒட்டன்சத்திரத்து வியாபாரி நல்லுசாமி நாற்காலியில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். ரொனால்டு வேனைத் துடைத்து வைத்திருந்தார். ஊசி குத்திக் குத்தி வீங்கிய கையால் துடைத்ததில் பாதி அழுக்கு அப்படியே இருந்தது. வேனின் கண்ணாடியில் தொங்கிய ஜெபமாலையை மட்டும் கழற்றித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டிருந்தார்.

செபாஸ்தியம்மாள் மாருதியிலிருந்து இறங்கினாள், ரொனால்டின் கையிலிருந்து வேன் சாவியைப் பிடுங்கினாள், ஏறினாள்.

“ஏய் செபஸ்தி, நிப்பாட்டு! வெளியூரு மனுசன் முன்னாடி மானத்தை வாங்காத!”

“நின்னா நிக்கும். நின்னா திரும்ப எடுப்பேன். இப்ப உங்களுக்கு என்ன?”

வேன் ஒருமுறை குலுங்கி நின்றது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கைதட்டின. அந்த அம்மாள் அவர்களைப் பார்த்துக் கையை ஆட்டினாள். மறுபடி எடுத்தாள். வேன் நடுங்கியது, ஊர்ந்தது, வாசலைத் தாண்டியது, தெருவைத் தாண்டியது, மாதா கோயிலைச் சுற்றிக்கொண்டு வந்து நாற்காலிக்கு முன்னால் புழுதி பறக்க நின்றது.

நல்லுசாமி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். “ஏனுங்க, வண்டி நின்னு நின்னு போகும்னு சொன்னீங்க, ஜம்முனு ஓடுதுங்களே! அப்படின்னா நான் விலையைக் கொஞ்சம் ஏத்திக் குடுத்துப் போடறனுங்க.”

“விக்கிறதுக்கு இல்லைங்கய்யா” என்றாள் செபாஸ்தியம்மாள். “நாளைக்குக் காலையில இவரை டயாலிசிஸுக்குக் கூட்டிட்டுப் போகணும். இன்னொரு டம்ளர் காப்பி குடிச்சுட்டுப் போங்க.”

ரொனால்டு சட்டைப்பையிலிருந்து ஜெபமாலையை எடுத்தார்.  வேனின் கண்ணாடியில் மாட்டிவிட்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, மூக்கை உறிஞ்சினார். “தூசி” என்றார்.

“ஆமா, தூசிதான்” என்றாள் அவர் மனைவி, தானும் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

நர்கீஸ் புறப்படும்போது பொன்னழகு போன் செய்தார். “டீச்சரக்கா, ராடைத் தட்டி நிமித்தியாச்சு. நாளைக்கு மாட்டிருவோமா?”

“வேண்டாம்ணே. பிரேக்கு மட்டும் இருக்கட்டும். கிளச்சு அவங்க பாடு.”

“அட, அப்ப வருசா வருசம் எனக்கு வந்துக்கிட்டிருந்த வேலையும் போச்சா!”

சிரித்துக்கொண்டே போனை வைத்தாள். வீடு போய்ச் சேர்ந்ததும் கௌசல்யாவைக் கூப்பிட வேண்டும். அவளுக்கு முன்னால் படித்தவர்கள், அவளுக்குப் பின்னால் படித்தவர்கள் எல்லோரையும் கூப்பிட வேண்டும். ஒருநாள் வாருங்கள், ஒரு பாடம் பாக்கி இருக்கிறது என்று சொல்ல வேண்டும்.

கேட் மூடியிருந்தது. தனியாக, ஓட்டுநர் இருக்கையில், அவள் காத்திருந்தாள். மேற்கே வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. ரயில் போனது. கேட் உயர்ந்தது. எத்தனையோ பேருக்குக் கற்றுக்கொடுத்த நர்கீஸ் டீச்சர், புதுக் கிளச் இன்னும் காலுக்குப் பிடிபடாமல், சற்றே சீக்கிரமாகக் காலை எடுத்துவிட்டாள்.

கார் குலுங்கியது. தண்டவாளத்துக்கு ஒரு முழம் முன்னால் நின்றது.

பின்னால் ஹாரன். கேட்காரர் திரும்பிப் பார்த்து, “என்னம்மா, போறப்பவும் நின்னீங்க, வாரப்பவும் நிக்கிறீங்க!” என்றார்.

நர்கீஸ் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிச் சிரித்தாள். கண்ணில் நீர் வர, வயிறு குலுங்க, அடக்க முடியாமல் சிரித்தாள். பிறகு, அவசரமே இல்லாமல், சாவியைத் திருப்பினாள்.